ஆழாக்கா, கப்பா?

கேள்வி: முதன்முறையாகச் சமைக்கிறேன். பாட்டி ‘ஆழாக்கு’ என்கிறார். யூடியூப் ‘கப்’ என்கிறது. யாரை நம்ப?
(கல்லூரி மாணவர், திருநள்ளாறு)

பதில்: யாரையும் நம்பலாம், இருவரையும் ஒரே பானையில் சேர்க்காதீர்கள். 8 ஆழாக்கு ஒரு படி. அரிசி அளந்த அதே டம்ளரில் தண்ணீரையும் அளங்கள்: குக்கரில் பச்சரிசிக்கு 2 பங்கு, புழுங்கலரிசிக்கு 3. டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15. இதைக் குழப்பினால் காரைக்கால் கடல் உங்கள் சாம்பாரில் அலையடிக்கும். கிலோவும் லிட்டரும் பிரான்ஸ் தந்தவை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்க்காரர் அளவில் தடுமாறலாமா?

கேள்வி: மீன் வறுக்கையில் எண்ணெய் தீப்பிடித்தால்?
(திருமலைராயன்பட்டினம்)

பதில்: தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ உங்களை வரவேற்க எழுந்து வரும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடுங்கள். கை சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை பல்லுக்கு மட்டும்.

கேள்வி: விருந்தாளி வாசலில், கறியோ தயாரில்லை!
(நெடுங்காடு)

பதில்: பதறாதீர்கள். கறி ஆகாத வேளையில், பசித்து வந்த அடியாருக்குச் சோற்றோடு மாங்கனி படைத்தவர்தான் நம் காரைக்கால் அம்மையார். அவசரத்தில் அடுப்பைக் கூட்டிவைத்துவிட்டு வாசலுக்கு ஓடாதீர்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். விருந்தாளி காத்திருப்பார், கேஸ் காத்திருக்காது.