பெரிய வளவின் சொந்தக்காரருக்கு

பெறுநர்: மெட்டா தலைமையகம், மென்லோ பார்க், கலிபோர்னியா.
விடயம்: திருகோணமலைவாசிகள் பேஸ்புக்கை விட்டு விலகிப்போதல்.

மகா கனம் பொருந்திய நிறுவனத்தாருக்கு,

மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துச் சனம் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பெரிய வளவைக் காலி செய்துகொண்டிருக்கிறது. யாரும் கோபித்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தவில்லை. கணக்கை அழிக்கும் பொத்தானைத் தேடிக் களைத்து, கணக்கை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆளில்லாத அந்தத் திண்ணையில் பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும் வருடம் தவறாமல் வந்து விழுகின்றன.

போனவர்கள் தூரம் போகவில்லை. கட்டாரில் இருக்கும் மகனோடு தாய் ஐமோ செயலியில் கதைக்கிறார். மரண அறிவித்தல், ஜனாஸா நேரம், கோயில் கொடியேற்றம், மின்வெட்டு, ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை என்பதெல்லாம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வருகின்றன. 2022இல், 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனக்குடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாவட்டம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது. எந்தப் பெற்றோல் செட்டுக்குப் பவுசர் வந்திருக்கிறது என்று சொன்னவையும் இந்தச் சின்னக் குழுக்கள்தான். அங்கே ‘அட்மின்’ என்பவர் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். பொய்ச் செய்தியை அவர் விட்டுவைத்தால், பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்கலாம். உங்களைக் கேட்பதென்றால் அமெரிக்க விசா வேண்டும்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. இலங்கையில் உங்கள் வளவுக்குள் வெறுப்புப் பேச்சு வளர்வதைக் கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வறிக்கையாக எழுதியது. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த மாவுக் கட்டி உங்கள் வளவைச் சுற்றி வந்தபோது ‘மலட்டு மாத்திரை’ ஆகிவிட்டது. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கடையும் பள்ளிவாசலும் அதற்கு முன்பே தாக்கப்பட்டுவிட்டன. மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொல்லச் சொல்லி எழுதப்பட்ட பதிவுகளை முறைப்பாடு செய்தவர்களுக்கு, அவை உங்கள் சமூக விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். கப்பலில் போட்ட தபால்கூட அதைவிட வேகமாக வந்துசேரும்.

திகனவுக்கு அடுத்த மாதம் திருகோணமலையின் முறை. ஒரு மகளிர் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிய பிரச்சினை கிளம்பியது. பாடசாலை வாசலில் நின்றவர்களை எண்ணிவிடலாம். உங்கள் வளவில் நின்றவர்களை எண்ண முடியவில்லை. பட்டினத்தையும் கிண்ணியாவையும் ஒருநாளும் கண்ணால் காணாதவர்கள்கூட வந்து தீர்ப்பு எழுதினார்கள்.

எங்கள் பிரெட்ரிக் கோட்டை மான்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவை வீதிக்கு வந்து, வாழைப்பழத் தோலையும் அதைச் சுற்றியிருக்கும் பொலித்தீன் பையையும் ஒரே வாயில் தின்னும். தோல் எது, பை எது என்று மானுக்குத் தெரியாது. பிரித்துப் போட வேண்டியது போடுகிறவரின் வேலை. உங்கள் செய்தி ஊட்டமும் அப்படித்தான் பரிமாறப்படுகிறது. மான்தான் கவனமாகச் சாப்பிட வேண்டும் என்கிறீர்கள்.

சரி, போனவர்களாவது தப்பித்தார்களா? வட்ஸ்அப்பை நீங்கள் 2014இல் 1900 கோடி டொலருக்குப் பேசி வாங்கியது பலருக்கு மறந்துவிட்டது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகச் சுமார் ஆறு மணி நேரம் படுத்தபோதுதான் நினைவு வந்தது. பெரிய வீடு வேண்டாமென்று வட்ஸ்அப்புக்குப் போனவர்கள் அதே சொந்தக்காரரின் பின்வளவுக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களைப் பூட்டியபோது வீட்டோடு கொட்டிலுக்கும் பூட்டு விழுந்தது. வதந்திக்கும் அங்கே பஞ்சமில்லை. ‘பல முறை பகிரப்பட்டது’ என்ற சின்ன அடையாளத்தைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பாமார் அதை இன்னொரு முறை பகிர்கிறார்கள்.

உண்மையிலேயே வேறு கரைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் இந்திய வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோதும், 2022 ஒக்டோபரில் ஈலோன் மஸ்க் அந்த நிறுவனத்தையே 4400 கோடி டொலருக்கு வாங்கியபோதும் பலர் மாஸ்டடன் என்ற தளத்துக்குப் போனார்கள். ஜெர்மனியரான ஆய்கன் ரோச்கோ 2016இல் தொடங்கியது அது; தனித்தனி நிர்வாகிகளின் பல சேவையகங்கள் சேர்ந்த வலையமைப்பு. கரைவலைத் தொழில் தெரிந்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. கடற்கரை ஒன்று, பாடுகள் பல. ஒரு பாட்டின் சம்மாட்டி அடுத்த பாட்டில் அதிகாரம் பண்ண முடியாது. ஆனால் அங்கே போனால் பெரியம்மா இல்லை, பழைய மாணவர் சங்கம் இல்லை, மீன் விலை இல்லை. ஆகவே பெரும்பாலானோர் கொட்டிலிலேயே இருக்கிறார்கள். இதை உங்கள் மேலுள்ள அன்பு என்று வருடாந்த அறிக்கையில் எழுதிவிட வேண்டாம்.

கோரிக்கைகள் இரண்டுதான். முதலாவது, போகிறவர் தன் படங்களை மட்டுமல்ல, உறவுகளின் தொடர்பையும் கையோடு எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போக வழிவிடுங்கள். இரண்டாவது, இந்தக் கடிதம் தமிழில் மட்டுமே அனுப்பப்படுகிறது. இதை இயந்திரத்திடம் கொடுக்காமல், இந்தத் தீவின் தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, அவரிடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
பின்வளவுக் கொட்டில்காரர்,
திருகோணமலை.