ஆடாத சிஸ்டமும் அரிக்கிற கையும்

ஏலே பேராண்டி, லேப்டாப்புல ஆல்மாலினக்ஸ் 9 போடப் போறியாமே? கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கலைலே. காலம் பூரா சர்வர் ரூம் குளிர்ல கெடந்தவன் நான். பேங்கும் டெலிபோன் கம்பெனியும் நம்பி ஓட்டுத வகையறாவை நீ சினிமா பாக்க எடுத்திருக்கேன்னா சும்மாவா? நெல்லையப்பர் தேரை இழுத்துட்டுப் போயி கத்திரிக்கா வாங்கிட்டு வாரதுதான் இது. தாராளமாப் போ. சந்துல திரும்பும்போது மட்டும் என்னயக் கூப்பிடாத.

மொதல்ல நல்லதைச் சொல்லிருதேன். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வந்தது 2022 மே மாசம். 2032 மே வரைக்கும் ஓட்டை விழுந்தா அடைச்சுத் தாரேன்னு சொல்லியிருக்கான். ஆல்மாவும் ராக்கியும் அவன் அடியொத்தி நடக்குத பிள்ளைய. கெர்னல் நம்பர் 5.14-ன்னு பாத்துட்டு கெழடுன்னு மூஞ்சியச் சுழிக்காத. புதுக் கெர்னல்ல வார பாதுகாப்புத் திருத்தத்தையும், வேண்டிய டிரைவர் பலதையும் பிரிச்செடுத்து அந்தப் பழைய நம்பருக்குள்ளயே பொருத்திருதாவ. முகம்தான் மாறாது. 2021-ல வந்த க்னோம் 40 டெஸ்க்டாப், கடைசி வரைக்கும் அதேதான். சேக்காளி புதுசைக் காட்டி மினுக்கும்போது நீ வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கணும்.

பத்து வருசம்ங்கதையும் கல்வெட்டுன்னு நம்பிராத. இதே மாதிரி ரெட்ஹாட் வழி வந்த சென்டோஸ் 8-க்கு 2029 வரை ஆயுசுன்னு எல்லாரும் நெனச்சிருந்தாவ. 2020 டிசம்பர்ல ஒரு அறிவிப்பு, 2021 முடியும்போது கதையும் முடிஞ்சுது. அந்தக் கோவத்துல பொறந்ததுதான் ராக்கியும் ஆல்மாவும். ரெட்ஹாட்காரனும் சும்மா இல்ல. பதிவு பண்ணிக்கிட்ட தனியாளுக்கு 16 மிஷின் வரைக்கும் காசில்லாமக் குடுக்கான். ஒங்கிட்ட இருக்கது ஒண்ணு. மிச்சம் பதினஞ்சைச் சீதனத்துக்கு வச்சிருக்கியோ?

இனி லேப்டாப்புக்கு வருவோம். அது ரொம்பப் புதுசா இருக்கப்படாது. நேத்துக் கடைக்கு வந்த வைஃபை சிப்புன்னா, மேல் மூலையில வைஃபை குறியே இருக்காது. டிரைவர் எறக்க நெட்டு வேணும், நெட்டு வர டிரைவர் வேணும். போனை யூஎஸ்பி வயர்ல சொருகி டெதரிங் போட்டுக்கிட்டு முழிச்சிட்டு இருப்பே. அட, பழைய லேப்டாப்பையே எடுப்போம்னு அதுல ரெட்ஹாட் 10 போடப் போனேன்னா, 2013-ல வந்த ஹாஸ்வெல்லுக்கு முந்தின இன்டெல் சிப்பை அது வாசல்லயே நிறுத்திரும். ஆல்மாக்காரன்தான் பாவம் பாத்து பழைய சிப்புக்குன்னு தனியா ஒண்ணு கட்டிக் குடுக்கான்.

அதையும் தாண்டி படம் பாக்க உக்காருவே. எம்பி4 ஃபைலைத் தட்டுனா கோடெக் இல்லைன்னு கையை விரிக்கும். காப்புரிமைத் தகராறு அப்படி. இங்கதாம்லே ஒன் கை அரிக்க ஆரம்பிக்கும். எபெல்னு ஒரு வெளி ரெப்போ சேப்பே. ஆர்பிஎம் ஃப்யூஷன் சேப்பே. வைஃபைக்காக ஈஎல்ரெப்போவுல இருந்து புதுக் கெர்னல் எறக்குவே. எவனோ வீடியோவுல சொன்னான்னு எஸ்ஈலினக்ஸை அணைப்பே. அடுத்து டிஎன்எஃப் அப்டேட் அடிச்சா ஒரே பேக்கேஜுக்கு ரெண்டு ரெப்போ மல்லுக்கட்டும். இப்பம் சொல்லு, ஒங்கிட்ட இருக்கது எண்டர்பிரைசா? பத்து வருச வாக்கு அவன் வச்ச சாமானுக்குலே. நீ கொண்டாந்து திணிச்சதுக்கு அவனா பொறுப்பு? சிஸ்டம் ஆடல, நீதான் ஆடுதே.

கெழவன் பேச்சுன்னு தள்ளாமக் கேளு. இன்ஸ்டால் பண்ணுததுக்கு முந்தி பென்டிரைவ்ல லைவ் போட்டு வைஃபை, சவுண்டு, மூடித் தொறந்தா முழிக்கா, மூணையும் பாரு. பார்ட்டிஷனையும் அப்பமே யோசிச்சுப் பிரி. அது போடுத எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குப் பெருக்கத் தெரியும், சுருங்கத் தெரியாது. அடிச் சிஸ்டத்தைத் தொடாத. விஎல்சியோ லிப்ரே ஆபீஸோ, ஃப்ளாட்ஹப்ல இருந்து ஃப்ளாட்பேக்கா எடு. வேண்டிய கோடெக்கை அதுவே கொண்டாந்துரும், அடியில இருக்கது எவ்வளவு பழசுன்னு அதுக்குக் கவலை இல்ல. புரோகிராம் எழுதப் புதுப் பைத்தான் வேணுமா, பாட்மேன் கன்டெய்னருக்குள்ள வச்சுக்க. கெட்டா அதை மட்டும் தூக்கிப் போட்டுரலாம்.

அதெல்லாம் முடியாது, எனக்கு எப்பமும் புதுசு வேணும்னா ஃபெடோரா போடு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுப் பதிப்பு, பதிமூணு மாசம் போல ஆயுசு. ஒன் பொறுமைக்கு அதுவே ஜாஸ்தி. இல்ல, ஆல்மாதான்னு ஒத்தக் கால்ல நின்னேன்னா, ரூட் பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி எங்கிட்டக் குடுத்துரு. 2032 மே மாசம் வந்து வாங்கிக்க.