நோக்கோலும் கோவாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

டென்மார்க்கின் பிராண்டேயில் அபிராமி அம்மன் இருக்கிறாள். முருங்கை மரம் இல்லை. அம்மனைக் கும்பிட்டு வீடு திரும்பும் எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் வறைக்கு இலை தேடினால், கடையில் சுருட்டை முடியோடு ஒன்று கிடக்கும். பெயர் குரோன்கோல். டேனிஷ்காரர் அதை அவித்து, அரிந்து, வெள்ளைச் சோஸில் குளிப்பாட்டி, நத்தாருக்குப் பன்றி இறைச்சியோடு தின்பார்கள். நாங்கள் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டு வறை வறுக்கிறோம். இரண்டு பக்கமும் மற்றவரின் சட்டியைப் பார்த்து இரங்குவதுண்டு.

அந்தச் சுருட்டை முடிக்காரிதான் வீட்டுக்கு மூத்தவள். தாய் ஐரோப்பியக் கடலோரத்து உப்புக்காற்றில் முளைத்த ஒரு காட்டுச்செடி. அழகில்லை, ருசியுமில்லை. ஆனால் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடும் சுபாவம். இலைப் பிரியர்கள் நல்ல இலைச் செடியின் விதையையே வருடாவருடம் எடுத்து வைத்தார்கள், குரோன்கோல் வந்தது. நுனி மொட்டு விரியாமல் தலையாகத் திரண்டதைச் சிலர் பொறுக்கினார்கள், கோவா. தண்டு வீங்கியதை வேறு சிலர் வளர்த்தார்கள்; நோக்கோல். பக்க மொட்டுகளை உருட்டியெடுத்த குட்டிக் கோவா பெல்ஜியத்துக்காரரின் பெருமை. புரொக்கோலி பூக்கப்போகும் மொட்டு. பூக்கோவாவுக்கு அந்த அளவு வளர்ச்சியும் இல்லை. மொட்டாவதற்கே மனம் வராமல் பாதியில் நின்றுவிட்ட குஞ்சம் அது. ஆறும் ஒரே இனம், பிரசிக்கா ஒலரேசியா. முள்ளங்கி தூரத்துச் சொந்தம். கலியாணத்துக்கு அழைத்தால் போதும்.

இந்தக் குடும்பத்தை அளவுக்கு மீறித் தலையில் தூக்கிவைத்தவர் ரோமாபுரிக் கேட்டோ. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதப் புறப்பட்டவர், கோவா தின்றவரின் மூத்திரத்தில் குளிப்பாட்டினால் பிள்ளைகள் நோஞ்சானாக மாட்டார்கள் என்று எழுதிவைத்தார். அவர் வீட்டுப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் இந்தச் சகோதரர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் கோட்டை கட்ட வந்தவர்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் 'கோவே' என்றார்கள். நாங்கள் கோவா என்றோம். 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் 'க்னோல்கோல்' என்றார்கள். அது நோக்கோல் ஆயிற்று. ஒரு தாயின் பிள்ளைகள் இரண்டு, ஞானஸ்நானம் கொடுத்த ராச்சியங்களும் இரண்டு.

டேனிஷ்காரரும் இந்தப் போட்டிக்கு வந்தவர்கள்தாம். கண்டி அரசனின் தூதன் என்று போஷோவர் என்ற ஒல்லாந்தர் கோபன்ஹேகனுக்குப் போய், நான்காம் கிறிஸ்தியான் மன்னருக்கு ஆசைகாட்டி, 1618இல் கப்பல்களைக் கிளப்பினார். ஆள் வழியிலேயே செத்துப்போனார். தளபதி ஓவே கெட்டே 1620இல் இலங்கை வந்து இறங்கினால், போஷோவர் கொடுத்த வாக்கெல்லாம் தன்னைக் கட்டாது என்று கண்டி மன்னன் செனரத் கைவிரித்துவிட்டான். கெட்டே அதே வருடம் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியை வாங்கிக்கொண்டு ஆறுதலடைந்தார். யாழ்ப்பாணத்து மரக்கறி எதற்கும் பெயர் வைக்கும் பாக்கியம் அவருக்கு இல்லை.

அவர் வந்து பிடிக்க முடியாத சனம் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தானாகவே புறப்பட்டு அவர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. யூட்லாந்தின் சின்ன ஊர்களில் குடியமர்ந்து, மொழி வகுப்புக்குப் போய், சந்தைச் சொற்களை மனனம் செய்தது: வெள்ளைக் கோவா வித்கோல், சிவப்பு ரோத்கோல், பூக்கோவா பிளோம்கோல், குட்டிக் கோவா ரோசென்கோல், நோக்கோல் கிளாஸ்கோல். புரொக்கோலி மட்டும் இத்தாலியத் திமிரோடு குடும்பப் பெயரை ஏற்க மறுத்துவிட்டது.

அந்த டேனிஷ் கோலும் நோக்கோலின் கோலும் ஒரே சொல். ஆகவே பிராண்டேச் சந்தையில் கோல் என்ற சத்தம் கேட்டால் கூச்சப்படாமல் கிட்டப் போங்கள். பச்சைமிளகாயை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.