கொசுவுக்குத் தெரிந்தது

இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. தொற்றைச் சொல்லிப் பள்ளியில் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நிதானமான நாடு.

அமலாவதற்கு இரண்டு மாதம் முன்புதான் பெரம்பலூர் மாவட்ட அரசுப் பள்ளியொன்று தொற்றுள்ள மாணவனைச் சேர்க்க மறுத்ததாகப் புகார் எழுந்தது. அதற்கும் முன்பு, 2007-ல், எய்ட்ஸ் பற்றிச் சொல்லித்தரும் வளரிளம் பருவக் கல்வியையே மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் தடை செய்தன. பண்பாடு கெட்டுவிடுமாம்!

ஜவ்வாது மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. பிள்ளைகள் சேர்ந்தே உண்டு உறங்கும் அங்கே எச்ஐவி பற்றிய கொள்கை எழுத இரண்டு வரி போதும். கொசுக்கடியாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்ஐவி பரவாது. பிள்ளையின் மருத்துவ ரகசியத்தை ஆசிரியர் அறையில் டீயோடு சேர்த்துப் பரிமாறக்கூடாது. முதல் வரியைக் கொசுக்கள் எப்போதிருந்தோ கடைப்பிடிக்கின்றன.