நேசமணியும் தேசிங்கும்

கேள்வி: ஒரே வடிவேலு படத்தில் ஆளுக்கொரு வசனம் போடுகிறார்களே, அது எப்படி இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?
– ஒரு வாசகர், செஞ்சி

பதில்: செஞ்சிக்காரர் கேட்கலாமா இதை! உங்கள் தேசிங்குராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டார். கதைப்பாடகர்கள் அவரைச் சாகவிடவில்லை. கதை ஒன்று, பாடியவர்கள் பலர். அவரவர் கூட்டியும் குறைத்தும் பாடப் பாட, அவர் குதிரை இன்னும் ஓடுகிறது.

மீமும் அப்படித்தான். படம் நிற்கும், வசனம் மாறும். பார்ப்பவரே எழுத்தாளராகிவிடுவதால் பகிராமல் இருக்க முடியாது. ஆனால் எல்லா முகமும் இதற்கு ஆகாது. வடிவேலுவின் வீறாப்பும் அடுத்த நொடியில் வரும் பயமும் ஒலியே இல்லாமல் புரியும். பெரிய கலைஞன்!

2019 மே மாதத்தைப் பாருங்கள். முகநூலில் ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான் என்றார் ஒரு தமிழர். 2001இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நேசமணியாக வரும் காட்சி அது. இன்னொருவர், ‘இப்போது நலமா?’ என்று விசாரித்தார். அவ்வளவுதான்! ஆஸ்பத்திரிக் கட்டில், மருத்துவ அறிக்கை, கண்ணீர் என்று ஆளாளுக்கு ஒட்டிச் சேர்த்தார்கள். மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே நேரத்தில், நேசமணிக்கான பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டானது.