வில்லனின் கறுப்புக் கோட்டு

கேள்வி: பட்ஜெட் ஹோம் தியேட்டர் ஆசை. புரொஜெக்டர் வாங்கியதும் காசு தீர்ந்துவிடும். திரைக்கு அப்பாவின் எட்டு முழ வேட்டி போதுமா?

பதில்: வேட்டியில் படம் தெரியும்; பின்னால் இருக்கும் அலமாரியிலும் தெரியும்! அதற்கு மேடுபள்ளமில்லாத, பளபளப்பில்லாத வெள்ளைச் சுவரே மேல்.

கொஞ்சம் காசு மிஞ்சினால், அது ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை வாங்க. கறுப்பு நிறத்தை எந்தப் புரொஜெக்டராலும் வீச முடியாது. வில்லனின் கறுப்புக் கோட்டு என்பது ஒளி விழாத திரைதான். அறைக்குள் வெயில் எட்டிப் பார்த்தால் கோட்டு வெளுத்துவிடும்.

புரொஜெக்டர் பெட்டியில் ஒளி அளவு '9,000 லூமென்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால், 'தர விதிப்படி அளந்த ஆன்சி லூமென்ஸ் எத்தனை?' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் இருமுவார்.

'4கே சப்போர்ட்' என்பது இன்னும் வேடிக்கை. 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும், சரி. வெளியே காட்டுவது 720பி ஆகவும் இருக்கலாம். 'நேட்டிவ்' ரெசல்யூஷன் என்ன என்பதே கேள்வி.