வான் புறம்போக்கு: பட்டா கோரும் மனு

அனுப்புநர்: வருவாய் ஆய்வாளர் (ஓய்வு), சாத்தூர். தற்சமயம் மகன் வீட்டில், ஆர்லாண்டோ.

பெறுநர்: உயர்திரு நிர்வாகத்தார் அவர்கள், மேஜிக் கிங்டம், வால்ட் டிஸ்னி வேர்ல்ட், புளோரிடா.

பொருள்: வாணவேடிக்கை – சிண்டரெல்லா கோட்டை எதிரே நின்று பார்த்தல் – இரண்டு சதுர அடிக்கு 2சி பட்டா கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வேடிக்கையில் சொட்டை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். புகை வரும் வாடையிலேயே சரக்கின் தரம் சொல்லிவிடுவேன். தங்கள் 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' பதினெட்டு நிமிடமும் முதல் தரமான பேன்சி ரகம். நமுத்துப்போன வெடி ஒன்றுகூட இல்லை. நான் பேச வந்தது வெடியைப் பற்றி அல்ல, நிலத்தைப் பற்றி. சர்வீஸ் முழுக்க நிலத்தைப் பற்றியே குறிப்பு எழுதிய கை இது. ஓய்வு பெற்றாலும் அரிப்பு போகவில்லை.

கிராமக் கணக்கைப் புரட்டாமல் எந்த மனுமீதும் குறிப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் துறை வழக்கம். ஆகவே தங்கள் கணக்கைப் புரட்டினேன். 1960-களின் நடுவில் இங்கே சதுப்பும் காடுமாகக் கிடந்ததை 27,000 ஏக்கர் அளவுக்கு வாங்கியிருக்கிறீர்கள். சராசரி விலை ஏக்கருக்கு இருநூறு டாலருக்கும் குறைவு. வாங்கியவர் பெயர் டிஸ்னி என்று எந்தப் பத்திரத்திலும் கிடையாது. எல்லாம் ஏதேதோ கம்பெனிகள். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை விஷயத்தைப் போட்டு உடைத்ததும் சுற்றுவட்டார விலை ஏணி வைத்து ஏறியது. எங்கள் பக்கம் இதைப் பினாமி என்போம். பிடிபட்டவர் வாய்தா வாங்கி வாங்கியே கிழவராகிவிடுவார். இங்கே அது குற்றமில்லையாம். அது மட்டுமா? டாமஹாக் பிராப்பர்ட்டீஸ், ரீடி கிரீக் ராஞ்ச், பே லேக் பிராப்பர்ட்டீஸ் என்று அந்தக் கம்பெனிகளின் பெயர்களைப் பூங்காவின் மெயின் ஸ்ட்ரீட் மாடிச் சன்னல் கண்ணாடியில் அழகாக எழுதி வைத்திருக்கிறீர்கள். வேடிக்கைக்குக் காத்திருந்த நேரத்தில் அண்ணாந்து படித்தேன். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பண்ணையாருக்கும் இந்தத் தைரியம் வந்ததில்லை.

1967-ல் புளோரிடா சட்டமன்றம் தங்களுக்கென்றே 'ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம்' என்று ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தது. சாலை, வடிகால், தீயணைப்பு, கட்டட விதி எல்லாம் அதன் கையில். வேண்டுமானால் அணுமின் நிலையம் கட்டிக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது. கட்டாமல் விட்டது தங்கள் பெருந்தன்மை. 2023-ல் மாநில அரசு அந்த மாவட்டத்தின் வாரியத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, 'மத்திய புளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம்' என்று பெயரையும் மாற்றியது. பெயர்ப்பலகை மாற்றுகிற சீர்திருத்தம் எங்களுக்கும் பழக்கமானதுதான். அதில் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு நடுவே 2003-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு காரியம் செய்தது. தங்கள் பூங்காக்களுக்கு மேலே, மூன்று கடல் மைல் சுற்றுவட்டாரத்தில், 3,000 அடி உயரம் வரை விமானம் பறக்கக் கூடாது என்பதைச் சட்டமாக்கியது. பாதுகாப்புக் காரணம் என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் கோப்பை வரிசையாகப் படிக்கிற வருவாய்த்துறைக்காரனுக்கு அது எப்படித் தோன்றும்? முதலில் தரை, பிறகு அரசாங்கம், அப்புறம் ஆகாயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துறையில் யாருக்கும் பட்டா இல்லாத நிலம் புறம்போக்கு. ஓடை, கண்மாய், மந்தை, சுடுகாடு இதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். வானமும் அப்படித்தான் என்பது என் தாழ்மையான கருத்து. அதனால்தான் வாணவேடிக்கை ஏழை பணக்காரன் என்று பேதம் பார்க்காத சமாசாரமாக இருந்தது. பங்குனிப் பொங்கலில் பெரிய வீட்டு மெத்தையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கும் கண்மாய்க் கரையில் குத்தவைத்தவருக்கும் தெரிவது ஒரே பூதான். காசு கொடுத்தவர் உபயதாரர், பார்ப்பவர் ஊர்.

தாங்களும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் நடத்தியிருக்கிறீர்கள். 2003-லிருந்து 2017 வரை நடந்த 'விஷஸ்' காட்சியைப் பூங்காவின் எந்த மூலையிலிருந்தும் தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும் என்கிறான் என் மகன். அவன் கல்யாணமான புதிதில் பார்த்தானாம், ஐஸ்கிரீம் வரிசையில் நின்றபடியே. 2017 மே 12 அன்று 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' வந்தது. வாணத்தையும் கோட்டைச் சுவரில் விழும் படத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டீர்கள். கோட்டையின் உயரம் 189 அடி. 200-ஐத் தாண்டினால் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு எரியவிட வேண்டியிருக்குமாம், அழகு கெட்டுவிடும். அதில் செங்கல் கிடையாது. இரும்புச் சட்டமும் கான்கிரீட்டும், மேலே கண்ணாடியிழைத் தோல். மேலே போகப் போகச் சன்னலையும் கோபுரத்தையும் சின்னதாகக் கட்டி, இருப்பதைவிட உயரமாகக் காட்டியிருக்கிறீர்கள். அதன்மேல் புரொஜெக்டர் ஒளி விழுந்ததும் மோனாவின் கடல் பொங்குகிறது, குவாசிமோடோ கோபுரம் ஏறுகிறான். மெச்சத்தக்க வேலைதான்.

ஆனால் நிர்வாக ரீதியில் நடந்தது என்ன? வானத்துக்கு வேலி போட முடியாது. சுவருக்கு முன்னால் போடலாம். பூவின் பாதி இப்போது சுவரில் இருக்கிறது. நேர் எதிரே நின்றவருக்குக் கதை. பக்கவாட்டில் நின்றவருக்குப் பாட்டும் புகையும். ஏரிக்கு அக்கரையில் பாலினேசியன் விடுதிக் கடற்கரையில் பாட்டை ஒலிபெருக்கியில் விடுகிறீர்கள், வாணமும் தெரிகிறது, கோட்டைதான் தீப்பெட்டி அளவு. ஒரே இரவில் கண்மாய்க் கரையெல்லாம் மதிப்பிழந்து, கோட்டை வாசல் மட்டும் நஞ்சையாகிவிட்டது.

அந்த நஞ்சையின் நிலவரத்தை நேரில் பார்வையிட்டதன் அறிக்கை கீழே.

கோட்டைக்கு எதிரே வட்டத்திடல். நடுவில் வால்ட் டிஸ்னி மிக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டைக்கு முதுகைக் காட்டி நிற்கிற சிலை. திடலில் பட்டா தேவைப்படாத ஒரே ஆள் அவர்தான். வெயில் இறங்குவதற்குள்ளேயே ஜனங்கள் தரையில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரி பையிலிருந்து ஈரிழைத் துண்டை எடுத்து விரித்தாள். "இது நம்ம இடம், அசையாதீங்க" என்றாள். வலப்பக்கம் பிரேசில்காரக் குடும்பம் ஒன்று மழைக்கோட்டை விரித்தது. இடப்பக்கம் ஒருவர் குழந்தைத் தள்ளுவண்டியையே எல்லைக்கல்லாக நட்டுவிட்டு உருளைக்கிழங்கு வாங்கப் போனார். ஒளிரும் குச்சி பிடித்த பணியாளர்கள் நடைபாதையில் நிற்காதீர்கள், நகருங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் தாலுகா ஆபீசில் ஒருவருக்கு இருந்திருந்தால் பாதி மனுக்கள் வந்தே இருக்காது.

விளக்குகள் அணைந்தன. அவ்வளவுதான், உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். எழுந்ததும் புலப்படம் அழிந்துபோயிற்று. நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அந்த ஐந்து பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்பதற்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை. அடுத்த நொடியில் முன்னால் நின்ற ஆறடி மனிதர் தன் மகனைத் தோள்மேல் ஏற்றினார். எங்கள் சட்டப்படி இது அனுமதி பெறாத மேல்மாடி. சிறுவனுக்குப் பாதியில் தூக்கம் வந்து இறங்க, அக்காக்காரி ஏறினாள். மாடியில் வாடகைக்கு இருக்கிற ஆள்தான் மாறுகிறது, மாடி காலியாகிற வழியைக் காணோம்.

"ஏங்க, ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"பச்சை தெரியுது."

"எனக்கு அந்தப் புள்ளையோட செருப்பு தெரியுது. ஆட்டுறப்பல்லாம் லைட்டு எரியுது. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

கோட்டையைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐபேடைத் தலைக்கு மேல் பிடித்துப் பதினெட்டு நிமிடமும் படம் எடுத்தார். கை நடுங்கவே இல்லை. மோனா, கடல், குவாசிமோடோ எல்லோரையும் அதில்தான் தரிசித்தேன். அவருக்கு இந்த மனுவின் வாயிலாக நன்றி.

இதில் தங்கள் குற்றம் ஒன்றுமில்லை. ஆக்கிரமித்தவர்கள் சக பயணிகள். தாங்களோ ஒழுங்குபடுத்தவும் முனைந்திருக்கிறீர்கள். டுமாரோலேண்ட் டெரசில் மேசை போட்டு இனிப்புப் பலகாரத்தோடு பார்க்க ஒரு விருந்து உண்டு. தலைக்கு நூறு டாலரை ஒட்டி. திடலின் ஓரத்தில் செயற்கைப் புல் விரித்துக் கயிறு கட்டிய ஒரு துண்டு நிலமும் அந்த விருந்து வகையறாவில் சேருகிறது. எங்கள் பணத்தில் எட்டாயிரத்துக்குக் குறையாது. எட்டாயிரத்துக்கு எத்தனை இனிப்புதான் தின்ன முடியும்? மகன் முன்பதிவு செய்யவா என்று கேட்டான். சர்க்கரை வியாதியைக் காரணம் காட்டி மறுத்துவிட்டேன். 2021-லிருந்து மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்கள்மேலும் படம் விழச் செய்திருக்கிறீர்கள். புஞ்சைக்கு வாய்க்கால் வெட்டியதற்குச் சமம், அதை மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள். எங்கள் தமிழ்நாட்டில் 2சி பட்டா என்று ஒன்று உண்டு. புறம்போக்கில் நிற்கிற புளியமரத்தின் பலனை ஒருவர் அனுபவிக்கத் தருவது. நிலம் அரசாங்கத்துக்கே, புளி மட்டும் இவருக்கு. அதே முறையில், கோட்டை வாசலில் இரண்டு சதுர அடிக்கு மேலே உள்ள வானத்தின் பலனை மட்டும் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் வழங்க வேண்டுகிறேன். தரை வேண்டாம், கோட்டை வேண்டாம், கண்ணாடியிழையில் பங்கும் வேண்டாம். ஆண்டுத் தீர்வை கட்டத் தயார். தோள்மேல் கட்டிய மாடிகளுக்கு ஆக்கிரமிப்புக்கான பி மெமோ கொடுக்கத் தங்களிடம் ஆள் இல்லையென்றால், விசா முடியும்வரை நானே சம்பளமின்றிச் செய்கிறேன். படிவத்தைக்கூட வரைந்து வைத்திருக்கிறேன்.

பட்டா என்றாலே முடியாது என்பீர்களானால், ஜூலை 4-ஆம் தேதியும் டிசம்பர் 31-ஆம் தேதியும் தாங்கள் நடத்துகிற முறையையாவது பரிசீலிக்க வேண்டும். அன்று கோட்டைக்குப் பின்னால் மட்டுமன்றி ஜனங்களைச் சுற்றி நாலா பக்கமும் வாணம் கிளம்புகிறது. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது எதிர்ப்பக்கம்தான். தோள் மாடிக்காரரும் எந்தப் பக்கத்தை மறைப்பது என்று தெரியாமல் திகைப்பார். செலவு கூடும் என்பது தெரியாமல் சொல்லவில்லை. சுவருக்குப் படம் வரைந்த செலவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் என் பேரன். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான். எங்கள் நிலைமை தங்களுக்குத் தெரியாது. 2018-ல் உச்சநீதிமன்றம் பட்டாசுக்கு நேரம் குறித்ததிலிருந்து, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று ஆகிவிட்டது. பச்சைக்குப் போடுகிற பேரியம் உப்புக்கும் தடை. நாட்டுக்கே வெடி செய்கிற பக்கத்துக்காரன் கடிகாரத்தைப் பார்த்து மத்தாப்பு கொளுத்துகிறான். தாங்கள் பண்டிகை இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் கொளுத்துகிறீர்கள். பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். அது போகட்டும். ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்ற பேரன், "தாத்தா, ஷோவை எங்க நின்னா பாக்கலாம்?" என்றான். எங்கே வேண்டுமானாலும் நில்லுடா என்றேன். அவன் நம்பவில்லை. தெருமுனை வரை நடந்து போய், நல்ல இடம் எதுவென்று பார்த்துவிட்டு வந்தான்.

கடைசியாக, தனி விண்ணப்பம் ஒன்று. மேற்படி இரண்டு கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டால் இதைக் கனிவுடன் கவனிக்கவும். 1961-ல் கலிபோர்னியா டிஸ்னிலாந்தில், மேட்டர்ஹார்ன் உச்சியிலிருந்து கம்பியில் டிங்கர் பெல் என்ற தேவதையாகப் பறந்த முதல் பெண்மணி டைனி கிளைன். ஹங்கேரியில் பிறந்த சர்க்கஸ்காரர். அப்போது அவருக்கு எழுபது வயதை ஒட்டி. ஆகவே வயதைக் காரணம் காட்டித் தாங்கள் மறுக்க முன்னுதாரணம் இடம் தராது. இங்கும் கோட்டை உச்சியிலிருந்து டிங்கர் பெல்லாகக் கம்பியில் இறங்குகிறவரை எந்தத் தோளும் எந்த ஐபேடும் மறைக்க முடியாது என்பதால் அந்தப் பணியிடத்தை எனக்கு ஒரு நாளைக்காவது தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எடை குறைவு, ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இறக்கையை நிர்வாகமே வழங்க வேண்டும். உடுப்பை மட்டும் என் வீட்டுக்காரி தைத்துக்கொள்வாளாம். முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

நகல்: மத்திய புளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம் – தகவலுக்காகவும், எல்லைக்கல் நடுவதற்கான ஆட்களை அனுப்புவதற்காகவும்.